கொஞ்ச நாள் பொறு

ஜூலை 6, சனி

இந்த நோட்டு நான் கேட்டு வாங்கியது இல்லை. மறைமாவட்டப் பயிற்சி மையத்திலிருந்து வந்த சிஸ்டர் எமரென்சியா, இன்று காலை எங்கள் பள்ளி ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மறைத்தூதுப் பயிற்சியாம். அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு வரை நடக்கும். சனிக்கிழமை ஆசிரியர்களுக்கு, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குக் கோயிலில் வயதுவந்தவர்களுக்கு. தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும், யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்கள் என்றார். முப்பத்தோரு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். யாரும் திருத்தாத ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக எழுதிய மாணவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

வயதுவந்தோர் வகுப்புக்கு உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். போன மாதம்தான் மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் சாமி உடனே, "ரெமிஜியுஸ் சார் இருக்காரே. பெத்த பொண்ணையே மிஷனுக்குக் கொடுத்தவரு" என்றார். மற்றவர்கள் குனிந்து புது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதாத நோட்டில் அப்படி என்ன இருந்ததோ.

ஒரு படிவமும் நிரப்பினோம். குடும்பத்தில் மறைப்பணியில் இருப்பவர் என்று ஒரு கட்டம். 'மகள், சிஸ்டர் ஜெனிட்டா, ஜார்க்கண்ட் மிஷன்' என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக வந்தது.

ஜூலை 7, ஞாயிறு

முதல் வகுப்பு. பதினோரு பேர். சிஸ்டர் தொடக்கத்தில் ஒன்று சொன்னார்: மிஷன் என்றால் தூரதேசம் போவது இல்லை, அனுப்பப்படுவது. ஒவ்வொருவரும் அனுப்பப்பட்டவர், ஒவ்வொருவரும் யாரையோ அனுப்பியவர். வீட்டுப்பாடம்: 'நான் யாரை, எங்கே, எப்படி அனுப்பினேன்?' நோட்டில் எழுத வேண்டும்.

வந்தவர்களில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். உப்பளத்தில் வேலை. புருஷன் சூசை நம் பங்குக்காரன். இவள் இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை. ஏன் இத்தனை வருடம் கழித்து என்று கேட்டேன். "செத்தா அவுகளைக் கல்லறையிலயும் என்னைச் சுடுகாட்டுலயும் கொண்டு வைப்பாங்கள்லா சார். பதினெட்டு வருசம் சண்டை போட்டுட்டு அங்க போயி ஆளில்லாம என்ன செய்ய?" என்றாள். விசுவாசத்துக்கு இதைவிட மோசமான காரணங்களை நான் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

மகளை அனுப்பினேன். வீட்டுப்பாடம் முடிந்தது.

ஜூலை 11, வியாழன்

தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. வாஷர் வாங்கப் போனேன். பேருந்து நிலையம் வழியாகப் போனால் ஐந்து நிமிடம். நான் கடற்கரைச் சாலையைச் சுற்றித்தான் போவேன். பேருந்து நிலையத்தில் எப்போதும் நெரிசல். மனைவி பிலோமி, "வாஷர் வாங்க முக்கா மணி நேரமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று இயேசு கற்பித்த செபம். ஒப்பித்தால் போதாது, சொந்த வார்த்தையில் பொருளும் சொல்ல வேண்டும் என்பது சிஸ்டரின் முறை. இசக்கி எழுந்தாள். அன்றாட உணவு வரை நன்றாகத்தான் வந்தாள். பிறர் குற்றங்களை நாங்கள் பொறுப்பது போல என்று வரும் இடத்தில், "எங்களுக்குக் கெடுதல் செஞ்சவுக திரும்பி வாரவரைக்கும் நாங்க காத்துக் கெடக்கோம்லா, அதே மாதிரி எங்களுக்காவ நீரும் காத்துக் கெடயும்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"இசக்கி, இங்க பொறுக்கிறதுன்னா மன்னிக்கிறது. காத்திருக்கிறது இல்ல."

"அப்பம் பஸ்ஸுக்காரர்ட்ட 'செத்தப் பொறும், பிள்ளை வருது'ன்னு சொன்னா, மன்னிச்சிரும்னு அர்த்தமா சார்?"

"அது வேற பொறு. இது வேற பொறு."

"ரெண்டு பொறு இருக்கா? எழுதிப் போடுங்க சார், பாப்போம்."

கரும்பலகையில் எழுதினேன். இரண்டு தடவையும் ஒரே எழுத்துகள்தான் வந்தன. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

தலைவலி என்று சொல்லிப் பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பை முடித்தேன். சிஸ்டர் என்ன என்பது போல் பார்த்தார். வெயில் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஆய்வகத்தில் இரண்டு பியூரெட் உடைந்தன. பதினொன்றாம் வகுப்பு. உடைத்தவன் தானே வந்து சொன்னான். திட்டவில்லை. சொல்ல வந்த பையனைத் திட்டினால் அடுத்த தடவை மறைப்பான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா திருவிழா. கூட்டத்தில் செருப்பு தொலைந்தது. வெறுங்காலோடு வந்தேன்.

பிலோமி மக்ரூன் இரண்டு பாக்கெட் வாங்கினாள். எனக்குச் சர்க்கரை, அவளுக்கு இனிப்பே பிடிக்காது. விருந்தாளிக்கா என்று கேட்டேன். ஆமா என்றாள். சாயங்காலம் கடைப் பையை மடித்து வைக்கும்போது உள்ளே ஒரு கூரியர் ரசீது இருந்தது. ஊர்ப் பெயரைப் படிக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து மடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வகுப்புக்கு ஒன்பது பேர். இசக்கி வரவில்லை, பாத்தியில் உப்பு வாருகிற நாள் என்று சூசை வந்து சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. துணி துவைக்கவில்லை. ஆனாலும் வழக்கம்போல் ஏழு மணிக்குப் பிலோமி துணி எடுக்க மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு இறங்கி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. தோசை வார்த்தாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

முன்பெல்லாம் ஆசிரியர் அறையில் பார்க்கிறவர்கள் எல்லாம் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். ஒரு வருடமாக யாரும் கேட்பதில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலி இயற்பியல் பெனடிக்ட், அவள் துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த அன்று எங்கள் வீட்டுப் பந்தலில் அறுநூறு பேருக்குப் பந்தி பரிமாறியவர். அவர்கூடக் கேட்பதில்லை. மனிதர்களுக்கு மறதி. நல்லதுதான்.

செப்டம்பர் 7, சனி

சிஸ்டர் எமரென்சியா இன்று வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார். மறைபரப்பு ஞாயிறு அன்று மாணவர்களும் பெரியவர்களும் சேர்ந்த கூட்டம். மிஷனில் இருக்கிற ஒருவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார்.

"உங்க மகளைக் கூப்பிடுங்களேன் சார். வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

"அங்க சிக்னலே கிடையாது சிஸ்டர். காட்டுப் பகுதி."

"லெட்டர் போடுங்க."

"போட்டுப் பாக்கிறேன்."

சிஸ்டர் சைக்கிள் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தார். அவருக்குச் சைக்கிள் கிடையாது.

செப்டம்பர் 9, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. கடிதம் எழுதவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

அவரவர் தொழிலில் கடவுளை எங்கே பார்க்கிறீர்கள் என்பது இன்றைய தலைப்பு. இசக்கி அரைத் தூக்கத்தில் இருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடவுளையெல்லாம் நான் அங்கன கண்டதில்ல சார். கங்காணியைத்தான் கண்டிருக்கேன்."

சிரிப்பு அடங்கியதும் யோசித்துச் சொன்னாள். "பாத்தியில தண்ணி கட்டுனா பொறுக்கணும். அவசரப்பட்டு வாரினா கையில ஒண்ணும் நிக்காது. வெயிலு அது வேலையைப் பாக்கணும்லா. ஆனா ரொம்பவும் பொறுக்கக் கூடாது சார். நாள் தள்ளிப்போச்சுன்னா அதே பாத்தியில உப்பு கசந்து போவும். வாயில வைக்க முடியாது. மிச்சத் தண்ணியை வெளிய விட்டு, உப்பை வாரிறணும். அது நேரம் தெரிஞ்சு செய்யணும். அந்த நேரத்தை யாரு நமக்குச் சொல்லித் தாராவளோ, அதுதான் கடவுளா இருக்கும்."

அவள் சொன்னது சரி. முதலில் சோடியம் குளோரைடு படியும். விட்டுவிட்டால் பிறகு மெக்னீசியம் உப்புகள். அதுதான் கசப்பு. முப்பத்தோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்த்து என்னிடம் சொன்னதில்லை.

"எத்தனை நாள்?" என்று கேட்டேன்.

"என்னது சார்?"

"கசந்து போக எத்தனை நாள் ஆகும்?"

"அது வெயிலைப் பொறுத்து சார்" என்றாள்.

மூன்றாவது பொறு. கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றும் இல்லாத பலகையை அழித்தேன்.

செப்டம்பர் 28, சனி

சிஸ்டர் மறுபடி கேட்டார். மகளுக்கு மேலிடத்து அனுமதி கிடைக்கவில்லை என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது, இயல்பாக வந்தது.

"அப்ப நீங்களே பேசுங்க சார். பத்து நிமிஷம். பிள்ளையை மிஷனுக்கு அனுப்பின அப்பா. அதுவும் சாட்சியம்தான்."

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. இவ்வளவு பொய் சொல்லியும், வேண்டிய நேரத்தில் ஒரு பொய் வரமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. பேச்சு எழுத உட்கார்ந்தேன். 'என் மகள் ஜெனிட்டா' என்று எழுதிவிட்டு, விளக்குமாறு எடுத்து மொட்டை மாடியைப் பெருக்கினேன். மாடிச் சுவரில் பிலோமி உட்காருகிற இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

மழை. இன்னும் நான்கு நாள் பெய்தால் உப்பள வேலை இந்த வருடத்துக்கு முடிந்தது என்று வழியில் பார்த்த சூசை சொன்னான்.

அக்டோபர் 13, ஞாயிறு

வகுப்பு முடிந்து ஸ்கூட்டரை எடுத்தவன், சுற்றிப் போகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஏன் என்று தெரியாது. மூன்றாவது நடைமேடையில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன்.

யாரும் படிக்காத நோட்டு இது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் ஐந்து மாதத்துக்கு முன்னால், மே மாதம், ஜெனி இங்கேதான் வந்து இறங்கினாள். கன்னியர் சபையை விட்டு வருகிறேன், ஒரு வருடமாக ஜெபித்து யோசித்து எடுத்த முடிவு, மதர் ஆசீர்வதித்து அனுப்புகிறார் என்று முன்னாலேயே கடிதம் போட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் பிலோமியிடம் காட்டவில்லை. நான் மட்டும் வந்தேன். அவள் தலையில் முக்காடு இல்லை. ஆறு வருடத்தில் நான் பார்க்காத அவள் முடி, குட்டையாக இருந்தது. மஞ்சள் சுடிதார். ஒரு டிரங்குப் பெட்டி. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பெட்டியை வாங்கவில்லை. "உடனே வீட்டுக்கு வந்தா ஊரு என்ன சொல்லும்? பெரியம்மா மகனுக்கு அடுத்த வாரம் குருப்பட்டம். எல்லாரும் வந்திருக்காங்க. நீ கோயம்புத்தூர்ல சித்தி வீட்டுக்குப் போ. கொஞ்ச நாள் பொறு. நானே கூப்பிடுறேன்" என்றேன்.

"சரிப்பா" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். முப்பது மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவளை, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றினேன். பஸ் கிளம்புகிறபோது அவள் ஜன்னல் வழியாகக் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

பிறகு நான் கூப்பிடவில்லை. முதல் மாதம் குருப்பட்டம். இரண்டாம் மாதம், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் கழித்துக் கூப்பிட்டால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாளே என்ற பயம். நான்தான் அவளைப் பொறுக்க வேண்டும் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று என்னை நானே ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள் என்று பிலோமி ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

நான் யாரை, எங்கே, எப்படி அனுப்பினேன். வீட்டுப்பாடம் இப்போதுதான் முடிந்தது.

அக்டோபர் 14, திங்கள்

ஒன்றும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 19, சனி

பேச்சைத் திருத்தி எழுதிவிட்டேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பிலோமியிடம் படித்துக் காட்டலாமா என்று அடுப்படி வாசல் வரை போனேன். "என்னங்க?" என்றாள். உப்பு குறைவாகப் போடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, மறைபரப்பு ஞாயிறு

பள்ளி அரங்கம். முன்னால் மாணவர்கள், பின்னால் பங்குக்காரர்கள், ஓரத்தில் என் பதினோரு பேர். பிலோமி நான்காவது வரிசை. தலைமையாசிரியர் சாமி என்னை அறிமுகப்படுத்தும்போது மறுபடியும் மகளை மிஷனுக்குக் கொடுத்தவர் என்றார்.

சொன்னது இவ்வளவுதான். என் மகள் மிஷனில் இல்லை. இரண்டரை வருடத்துக்கு முன்பே சபையை விட்டு வந்துவிட்டாள். ஒழுங்காகச் சொல்லிவிட்டு, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தவளை நான்தான் பேருந்து நிலையத்திலேயே திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நாள் பொறு, கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். இன்றுவரை கூப்பிடவில்லை. அனுப்பப்படுவது என்றால் என்ன என்று மூன்று மாதமாக உங்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். என்னை மன்னியுங்கள்.

பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு நிமிடம் பத்து விநாடியில் முடிந்தது.

அரங்கம் அதிரும் என்று நினைத்திருந்தேன். யாரும் அதிரவில்லை. சின்னப் பிள்ளைகள் அடுத்தது பாட்டா என்று பார்த்தார்கள். தலைமையாசிரியர் சாமி ஒருவர்தான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆசிரியர்கள் பக்கம் பார்த்தேன். பெனடிக்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேநீர் கொடுக்கும் இடத்தில் அவரிடம் போனேன். "தெரியுமா?" என்றேன்.

"என் கொழுந்தியா கோயம்புத்தூர்ல அதே தெருதான் சார். போன வருசமே சொன்னா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம். டீ ஆறுது, குடிங்க."

ஒரு வருடமாக இருபது பேர் என் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் அதை மறதி என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அழ வேண்டும் போல் இருந்தது. டீயைக் குடித்தேன்.

சிஸ்டர் எமரென்சியாவும் வந்தார். "உங்களுக்கும் தெரியுமா சிஸ்டர்?"

"உங்க படிவம் வந்த வாரமே. அந்தச் சபையில என் கூடப் படிச்சவ ஒருத்தி இருக்கா."

"பின்ன எதுக்கு ரெண்டு தடவை அவளைக் கூப்பிடச் சொன்னீங்க?"

"கூப்பிடுவீங்கன்னுதான்" என்றார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது இசக்கி எதிரே வந்தாள். இவளுக்கு மட்டும் முன்பே எதுவும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன், தெரிந்திருக்கவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பெத்த பிள்ளைய பஸ் ஸ்டாண்டோட அனுப்புனீயளா? என்ன மனுசன் சார் நீங்க? எனக்குக் கை வருத்துது சார், இல்லன்னா ரெண்டு சாத்துச் சாத்திருப்பேன்" என்றாள். இன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே திட்டு. அதற்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

பிலோமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது மட்டும் என் தோளில் வைத்திருந்த கை இறுகியது. கடிதத்தை மறைத்ததும், தனியாகப் போனதும் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஜெனி சொல்லியிருப்பாள். தெரிந்தே இரண்டரை வருடம் எனக்குத் தோசை வார்த்திருக்கிறாள்.

ஏழு மணி ஆனது. மழை தூறிக்கொண்டிருந்தது. பிலோமி மாடிக்குப் போகவில்லை. கூடத்தில், ஜெனியின் வார்த்தைப்பாட்டுப் படத்துக்குக் கீழே என் எதிரிலேயே உட்கார்ந்து போனில் எண்ணைத் தட்டினாள். "ம்ம், சாப்பிட்டியாடி?" என்றாள். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இரி. அப்பா பேசுதாவ" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

எழுந்து நின்று வாங்கினேன்.

"ஜெனி" என்றேன்.

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தேன்ல" என்றேன். எழுதி வைத்து ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் மறந்தே போயிருந்த அந்தக் குரலில் அவசரமாகச் சொன்னாள்: "பொறுங்கப்பா. அடுப்புல பால் பொங்குது. இறக்கி வச்சிட்டு வாரேன்."

பாத்திரம் இறக்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பால் இறக்கி வைக்க அவ்வளவு நேரம் ஆகாது. முகம் கழுவுகிறாள் என்று புரிந்தது.

"என்ன சொல்லுதா?" என்று பிலோமி கேட்டாள்.

"பொறுக்கச் சொல்லுதா" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.